மெல்பேர்ணில் தமிழ் வானொலிச் செய்தியாளர்: ஊர்ச் செய்தி வாசிக்க ஒரு ஆள் எதற்கு?

கேள்வி, 4 ஏப்ரல் 2025

மெல்போர்ன் வந்து ஒரு வருடம் ஆகிறது. ஊரில் விஸ்காம் படித்தேன், கொஞ்ச நாள் ஒரு பண்பலையில் வேலை பார்த்தேன். இங்கே இரவில் கிடங்கு வேலை. சமூக வானொலி ஒன்றில் தமிழ்ச் செய்திக்கு ஆள் தேடுகிறார்கள் என்று நண்பர் சொன்னார். எனக்கு ஒரு சந்தேகம். சென்னையில் நடப்பதும் கொழும்பில் நடப்பதும் அந்த நிமிடமே எல்லார் போனிலும் வந்துவிடுகிறது. அதையே மாலையில் மைக் முன்னால் உட்கார்ந்து வாசிக்க ஒரு செய்தியாளர் எதற்கு? இது செய்தி வேலையா, ஊர் நினைப்பில் செய்கிற தொண்டா? அனுபவம் உள்ள அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

4 ஏப்ரல் 2025, இரவு

ஊர்ச் செய்தி வாசிப்பதுதான் வேலை என்று யார் சொன்னது தம்பி?

இந்த நாட்டில் பிறமொழி வானொலி எதற்காக வந்தது என்று பாருங்கள். 1975 இல் பிரதமர் கஃப் விட்லமின் அரசு மெடிபாங்க் என்ற மருத்துவக் காப்புத் திட்டத்தை ஜூலை 1 முதல் தொடங்க இருந்தது. ஆங்கிலம் தெரியாமல் ஆலைகளில் வேலை செய்துகொண்டிருந்த கிரேக்கருக்கும் இத்தாலியருக்கும் துருக்கியருக்கும் அதை எப்படிச் சொல்வது? அதற்காகத்தான் அந்த ஜூன் மாதம் சிட்னியில் 2 ஈஏ, மெல்பேர்ணில் 3 ஈஏ என்று இரண்டு நிலையங்களைத் திறந்தார்கள். அங்கே 7 மொழி, இங்கே 8 மொழி. தமிழ் அதில் இல்லை. தற்காலிக ஏற்பாடு என்றுதான் ஆரம்பித்தார்கள். 1978 இல் பல மொழி ஒலிபரப்புக்கான பொது நிறுவனமாக எஸ்பிஎஸ் உருவானதும் அந்த நிலையங்கள் அதன் கைக்குப் போயின.

டொக்டரிடம் போனால் காசை யார் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வந்த வானொலி அது. தமிழ் நிகழ்ச்சிகள் பிறகு வந்து சேர்ந்தன. சேர்ந்தது அந்த வரிசையில்தான். ஊரை நினைத்து அழுவதற்காக யாரும் நமக்கு அலைவரிசை தரவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன். இங்கே வந்து பகலில் கார்த் தொழிற்சாலையிலும் மாலையில் ஒரு சமூக வானொலியிலும் வேலை செய்தேன். தொழிற்சாலை மூடிவிட்டது, வானொலியை விடவில்லை. ஞாயிறும் திங்களும் மாலையில் நிகழ்ச்சி. மற்றதை ஆறுதலாக எழுதுகிறேன்.

6 ஏப்ரல் 2025

இன்று அதிகாலை கோடை நேரம் முடிந்து 3 மணி 2 மணியானது. இனி ஒக்டோபர் வரை நமக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நாலரை மணி வித்தியாசம். நேற்றுவரை ஐந்தரை. பேர்த்திலிருந்து இணையத்தில் கேட்கிறவர்களுக்கு இனி இரண்டு மணி வித்தியாசம். கோடையில் அது மூன்று.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? இன்றைய நிகழ்ச்சியில் முதல் அறிவிப்பே இதுதான். வீட்டில் தனியாக இருக்கிற அம்மாமாருக்கு, போன் தானாக நேரம் மாற்றிக்கொள்ளும், சுவர்க் கடிகாரம் மாற்றாது. நாளைக் காலை ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்ட் இருப்பவருக்கு இது கொழும்புப் பாராளுமன்றத்தை விடப் பெரிய செய்தி.

8 ஏப்ரல் 2025

ஆஸ்திரேலியப் பாராளுமன்றத் தேர்தல் மே 3. சென்ற வாரத்திலிருந்தே அழைப்புகள்.

ஒரு சின்ன வேலையைக் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். இங்கே வாக்களிப்பது 1924 முதல் கட்டாயம். காரணமில்லாமல் போகாவிட்டால் 20 டொலர் தண்டம். அன்று இரண்டு சீட்டுத் தருவார்கள். பச்சைச் சீட்டு பிரதிநிதிகள் சபைக்கு, வெள்ளைச் சீட்டு செனட் என்ற மேல்சபைக்கு. பச்சையில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பெட்டியிலும் 1 முதல் 8 வரை இலக்கம் போட வேண்டும். இலக்கத்துக்குப் பதிலாகச் சரி அடையாளம் போட்டால் அது எண்ணிக்கையில் சேராது. வெள்ளையில் குறுக்கே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு மேலே குறைந்தது 6 கட்சிகளுக்கு இலக்கம் போட வேண்டும், இல்லையென்றால் கோட்டுக்குக் கீழே குறைந்தது 12 ஆட்களுக்கு.

இதைத் தாளில் படித்தால் விளங்கும். காதால் ஒரே தடவை கேட்டால்? இலங்கையில் விருப்பு வாக்கு போட்டுப் பழகியவர்களுக்குக் கட்சிக்கு ஒரு புள்ளடி, ஆளுக்கு மூன்று என்றுதான் மனதில் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இயந்திரத்தில் ஒரு பொத்தான். அதனால் நாங்கள் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டோம். நேயர்களை ஒரு பென்சிலும் பழைய கடித உறையும் எடுத்து வரச் சொன்னோம். ஒரு பாட்டு போய்க்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும், "இப்போது மேலிருந்து கீழே எட்டுப் பெட்டி கீறுங்கள்" என்றோம். பெட்டிகளுக்கு நாங்கள் வேட்பாளர் பெயர் கொடுக்கவில்லை, அது ஆபத்து. எட்டு மரக்கறியின் பெயர் கொடுத்தோம். கத்தரிக்காய் தோற்றால், அதற்கு முதல் இலக்கம் போட்டவருடைய சீட்டு எங்கே போகும் என்று எண்ணிக் காட்டினோம்.

ஒரு ஐயா அழைத்தார். இவ்வளவு வருடமாக வாக்குப் போடுகிறேன், என் சீட்டு அடுத்த ஆளுக்குப் போகும் என்று இன்றைக்குத்தான் தெரியும் என்றார். தேர்தல் ஆணையம் பல மொழியில் துண்டறிக்கை போடுகிறது, நல்ல அறிக்கை. ஆனால் அந்த ஐயா கேட்கிற குறுக்குக் கேள்விக்கு அது பதில் சொல்லாதே.

12 ஏப்ரல் 2025

கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "உள்ளூர் விசயத்தை ஏபிசி சொல்லும், உங்களுக்கு எதற்கு? உங்கள் கடமை ஊர்." ஏபிசி இங்கத்தைய பொது ஒலிபரப்பு நிறுவனம். இந்தக் கருத்தோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. 2009 பெப்ரவரியைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

பெப்ரவரி 7, சனிக்கிழமை. மெல்பேர்ணில் 46.4 பாகை. வடக்கிலிருந்து வந்த காற்று, அடுப்பு வாயைத் திறந்தால் அடிக்கிற அதே காற்று. கிங்லேக், ஸ்ட்ரத்யூவன், மேரிஸ்வில் என்ற ஊர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் காட்டுத்தீயில் எரிந்தன. மாலையில் காற்றுத் திசை மாறியது. அதுவரை தீயின் பக்கவாட்டாக இருந்தது முழுவதும் முன்வரிசையானது. முடிவில் 173 பேர் இறந்தார்கள் என்று கணக்கு. அந்த இரவில் அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது.

அதே வாரம் இலங்கையில், இறுதிப் போர் நடந்த வன்னியில், புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் எறிகணை விழுந்துகொண்டிருந்தது. இங்கிருந்து எங்கள் நேயர்களில் பாதிப் பேருக்கு அந்தத் துண்டு நிலத்துக்குள் யாரோ ஒருவர் இருந்தார்: அக்கா, சித்தப்பா, கூடப் படித்தவன். ஞாயிறு மாலை நிகழ்ச்சிக்கு நான் கலையகத்துக்குள் நுழைந்தபோது தொலைபேசியின் எல்லா இணைப்பும் மின்னிக்கொண்டிருந்தன. எல்லாரும் கேட்டது ஒன்றையே: இன்றைக்கு எங்கே அடிக்கிறான்?

என் மேசையில் இரண்டு தாள். ஒன்றில் தீயணைப்புச் சேவையின் எச்சரிக்கைகள், ஊர் ஊராக. மற்றதில் வன்னி. எது முதல்?

கூட இருந்த நண்பர் கோபித்துக்கொண்டார். "அண்ணை, சனம் செத்துக்கொண்டிருக்கு, நீங்கள் மரம் எரியிற கதை சொல்லப் போறியளோ?" அவருடைய அம்மா அந்த வலயத்துக்குள். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

தீயை முதலில் வாசித்தேன். விட்டில்சீயில் நிவாரண நிலையம் திறந்திருந்தது. அதற்குத் தெற்கே எப்பிங், சவுத் மொராங், மில் பார்க் பக்கம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வீடு கட்டிக் குடியேறியிருந்த காலம் அது. காட்டுத்தீ என்றால் என்னவென்று ஊரில் கண்டறியாத சனம். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு கூரையில் நிற்கலாம் என்று நினைக்கிறவர்கள். எந்தப் பாதை மூடியிருக்கிறது, யன்னலை மூடு, புகை வந்தால் முட்டு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையை வெளியே விடாதே, வெளியேறு என்று சொன்னால் நகை எடுக்க நிற்காதே. இவ்வளவும் வாசித்த பிறகுதான் வன்னிக்குப் போனேன்.

அன்றிரவு வந்த ஏச்சு கொஞ்சமில்லை. ஆனால் முதலில் தீயை வாசித்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

13 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். நியாயத்தில் பாதிதான் அதில் இருக்கிறது. அந்த நண்பர் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

விக்டோரியாத் தீக்கு ஏபிசியின் 774 வானொலி இரவு முழுக்க இருந்தது. அவர்களைப் போல நூறில் ஒரு பங்கு ஆட்பலம் எங்களிடம் இல்லை. வன்னிக்கு யார் இருந்தது? சுயாதீனச் செய்தியாளர்களை அரசு உள்ளே விடவில்லை. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர்தான் கொழும்பில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவைப் பட்டப்பகலில் கொன்றார்கள். இங்கத்தைய ஆங்கில ஊடகத்தில் அந்த வாரம் வன்னிக்கு இடமே இல்லை, தீ எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டது. இந்த ஊரில் வன்னியைப் பற்றி ஒரு வானொலி பேசப் போகிறது என்றால் அது தமிழ் வானொலிதான்.

அதனால் என் நிலைப்பாட்டை இப்படித் திருத்திச் சொல்கிறேன். முதலில் வருவது வேறு, நீளமாக வருவது வேறு. கேட்கிறவர் இன்றிரவே எழுந்து ஏதாவது செய்ய வேண்டிய செய்தி முதலில் வரட்டும், சுருக்கமாக. வேறு யாரும் சொல்லாத செய்தி அடுத்து வரட்டும், முழுசாக. அன்றைக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான்: தீ சில நிமிடம், மீதி நிகழ்ச்சி முழுக்க வன்னி.

இன்னொன்று. வன்னிச் செய்தியைத்தான் நாங்கள் அதிகம் சலித்தெடுக்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் அழுதுகொண்டு ஒருவர் ஒரு எண்ணிக்கை சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு வேறொருவர் சொன்னது அது. அரசு சொன்னது என்று ஒன்று, புலிகள் சொன்னது என்று ஒன்று, செஞ்சிலுவைச் சங்கம் உறுதி செய்தது என்று ஒன்று, உள்ளே இருக்கிற வைத்தியர் தொலைபேசியில் சொன்னது என்று ஒன்று. நாலையும் நாலாகவே வாசித்தோம். ஆஸ்பத்திரியில் எறிகணை விழுந்ததைச் செஞ்சிலுவை சொல்லியிருந்தது. அதை ஒரு சந்தேகமும் வைக்காமல் சொன்னோம். மற்றதைச் சொன்னவர் வாயில் வைத்தோம். "ஏன் எங்கடை சனத்தை நம்பாமல் ஆதாரம் கேட்கிறியள்" என்று சிலர் கேட்டார்கள். பிறகு ஒருநாள் ஒரு விசாரணையில் இந்த நாடாக்களைப் போட்டால் அதில் ஒரு பொய்கூட இருக்கக்கூடாது என்பதுதான் காரணம். நம் சனத்தின் சாவை நான் அற்பமாக நினைக்காததால்தான் எண்ணிக்கையில் கவனமாக இருந்தேன்.

19 ஏப்ரல் 2025

சட்ட விசயம் கேட்டவருக்கு, சுருக்கமாக.

இங்கே அவதூறுச் சட்டம் கடுமை. கோயில் நிருவாகசபைச் சண்டையைப் பற்றி நேயர் ஒருவர் நேரலையில் பெயர் சொல்லிப் பேசினால், பேசினவரோடு நிலையமும் சேர்ந்து மாட்டும். அதனால் அழைப்பு எடுக்கும்போது கை எப்போதும் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பொத்தானின் மேல் இருக்க வேண்டும். வழக்கு நடக்கிற ஆளின் பழைய கதையை ஜூரி முடிவு சொல்லும் வரை தொடக்கூடாது. ஊரில் பழகிய பாணியில் "கொலைகாரன் பிடிபட்டான்" என்று வாசித்தால் நீதிமன்ற அவமதிப்பு. சந்தேகநபர், குற்றஞ்சாட்டப்பட்டவர், அவ்வளவுதான்.

சமூக வானொலியில் விளம்பரம் போட முடியாது. அனுசரணை அறிவிப்பு மட்டும், மணிக்கு ஐந்து நிமிடத்துக்குள், யார் அனுசரணை என்று சொல்லித்தான். இது நல்ல சட்டம் என்பது என் கருத்து. ஒருமுறை ஒரு வியாபாரி, தன் கடை வேலையாட்களின் சம்பளப் பிரச்சினையை நாங்கள் பேசியதற்காக அனுசரணையை நிறுத்துகிறேன் என்று போன் எடுத்தார். அந்தக் காசு போனால் வாடகை கட்டத் தடுமாறுவோம். ஆனாலும் போகட்டும் என்று குழு முடிவெடுத்தது. குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு, குறைத்துக் கொடுத்தால் எங்கே முறையிடுவது என்று அடுத்த வாரம் இன்னொரு நிகழ்ச்சி செய்தோம். மாணவர் விசாவில் வந்த பிள்ளைகள்தான் அதிகம் அழைத்தார்கள். பெயர் சொல்லவில்லை, சொல்லும்படி நாங்களும் கேட்கவில்லை.

22 ஏப்ரல் 2025

நேற்று ஈஸ்டர் திங்கள். நிகழ்ச்சி முழுக்கத் தயார். மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னர் பாப்பரசர் பிரான்சிஸ் இறந்துவிட்டார் என்று வத்திக்கான் அறிவித்தது. போட்ட திட்டத்தை அப்படியே தூக்கி ஓரமாக வைத்தோம்.

உலகம் முழுக்க ஒரே செய்திதான். எங்கள் நேயருக்கு அதில் என்ன இருக்கிறது? 2015 ஜனவரியில் அவர் மன்னாரில் உள்ள மடு மாதா தேவாலயத்துக்கு வந்தார். அன்றைக்கு அந்த வெயிலில் நின்ற மன்னார்க்காரர், யாழ்ப்பாணத்துக்காரர் சிலர் இன்றைக்கு மெல்பேர்ணில் இருக்கிறார்கள். ஒருவரைத் தேடிப் பிடித்தோம். போர் முடிந்து ஆறு வருடம் ஆகாத நேரம், காணாமல் போன பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்ற தாய்மார் பற்றி அவர் பேசினார். அந்தப் பேச்சு எந்தச் சர்வதேச ஊடகத்திலும் நேற்று வந்திருக்காது.

தம்பி கேட்ட "எல்லார் போனிலும் வருகிறதே" என்பதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

23 ஏப்ரல் 2025

மரண அறிவித்தலைப் பற்றி ஒருவர் கேலியாக எழுதியிருக்கிறார், "செய்தியாளர் வேலையா, சாவு அறிவிக்கிற வேலையா" என்று. இதை நான் விடமாட்டேன்.

"யாழ். அச்சுவேலியைப் பிறப்பிடமாகவும், மெல்பேர்ண் டண்டினோங்கை வதிவிடமாகவும் கொண்ட..." என்று தொடங்கும் அந்தத் தாள்தான் எங்கள் நிலையத்திலேயே அதிகம் சரிபார்க்கப்படுகிற எழுத்து. காலஞ்சென்றவர்களின் அன்பு மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னின்னாரின் மாமனார், மைத்துனர், சகலன். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு குடும்பம் பத்து வருடம் முகம் பார்க்காது. இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதா விடுவதா என்று அறிவித்தல் தருகிறவர் தீர்மானிக்கப் பார்ப்பார். மரணச் சான்றிதழ் இன்னும் கைக்கு வந்திருக்காது. மலர்ச்சாலையைக் கேட்க வேண்டும், கிரியை நேரம் சரியா என்று பார்க்க வேண்டும், கனடாவில் இருக்கிற மூத்த மகளுக்கு நடு இரவில் தொலைபேசி எடுத்து "தங்கச்சி, இந்த வரிசை சரிதானே" என்று கேட்க வேண்டும். ஒருமுறை அப்படி எடுத்தபோதுதான் மகளுக்கே தகப்பன் இறந்தது தெரியாது என்று விளங்கியது. அந்த நேரம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது? இதற்கெல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்தில் பாடம் இருக்கிறது?

ஆளைக் கேட்டு உறுதி செய்வது, விடுபட்டவர் யார் என்று பார்ப்பது, எழுத்துப் பிழை இல்லாமல் ஒரே தடவையில் வாசிப்பது. புதிதாக வருகிற யாரையும் நான் முதலில் இதில்தான் உட்கார வைப்பேன்.

26 ஏப்ரல் 2025

பிலோவீலாக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் எழுத நிறைய இருக்கிறது.

குயின்ஸ்லாந்தில் இறைச்சி ஆலை இருக்கிற ஒரு சின்ன ஊர் பிலோவீலா. தஞ்சம் கோரி வந்த தமிழ்த் தாய், தகப்பன், இங்கே பிறந்த இரண்டு பெண் பிள்ளைகள். 2018 மார்ச்சில் ஒரு அதிகாலை எல்லைப்படை வீட்டுக்கு வந்து அவர்களைக் கூட்டிப்போனது. அவர்களைக் கொண்டுவந்து வைத்தது எங்கள் ஊரில், புரோட்மெடோஸ் தடுப்பு நிலையத்தில். பிறகு 2019 ஓகஸ்ட் 29 இரவு, நாடுகடத்த விமானத்தில் ஏற்றினார்கள். விமானம் கிளம்பிவிட்டது. நீதிபதி ஒருவர் தொலைபேசியிலேயே தடையுத்தரவு போட, விமானம் டார்வினில் இறங்கியது. அங்கிருந்து கிறிஸ்மஸ் தீவு. 2022 ஜூனில்தான் மறுபடி பிலோவீலாவுக்குப் போனார்கள்.

அந்த ஓகஸ்ட் இரவு விமான நிலையத்தில் ஆட்கள் திரண்டார்கள். நானும் ரெக்கோடரோடு போனேன். கூட்டத்தில் தமிழர்களை விட மற்றவர்கள் அதிகம் என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது.

ஒரு பெரிய ஆங்கில ஊடகத்தின் செய்தியாளர் என்னைப் பிடித்தார். பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார், சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் கமரா முன் நின்று "தமிழ்ச் சமூகம் என்ன நினைக்கிறது" என்று பேசச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவருக்கு வியப்பு. நான் அங்கே சமூகத்தின் பிரதிநிதியாகப் போகவில்லை, அவரைப் போலச் செய்தி எடுக்கப் போனேன். ஒரே இரவில் இரண்டும் செய்ய முடியாது. வந்த நாட்டில் இந்த வேலை செய்கிறவர் எல்லாருக்கும் இது திரும்பத் திரும்ப நடக்கும்: சக செய்தியாளர் உங்களைச் சாட்சியாகப் பார்ப்பார். பேசத் தகுந்த இன்னொருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, உங்கள் ரெக்கோடரை நீட்டுங்கள்.

எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது வேறு. பிலோவீலா ஊர்ச் சனம் ஏன் இவர்களுக்காக இப்படி நிற்கிறது? அதற்குப் பிறகு அந்த ஊர் ஆட்கள் சிலரோடு தொலைபேசியில் பேசி எடுத்தோம். ஆங்கிலத்தில் பேசினார்கள். முதல் சில நொடி அவர்கள் குரலை அப்படியே விட்டு, பிறகு தாழ்த்தி, மேலே தமிழில் நாங்கள் சொன்னோம். ஊரில் பெரிய படிப்புப் படித்து இங்கே நிரந்தர விசாவில் வந்த நம்மவர் சிலர், "கள்ளமாக வந்தவர்களுக்கு எதற்கு இவ்வளவு" என்று எங்களுக்கு அழைத்தது உண்டு. அவர்களும் எங்கள் நேயர்கள்தான், அவர்களையும் ஒலிபரப்பினோம். குயின்ஸ்லாந்து மாட்டிறைச்சி ஊரைச் சேர்ந்த பெண் ஒருவர், "இவை எங்கள் ஊர்ப் பிள்ளைகள்" என்று சொன்னதை அடுத்துப் போட்டோம். நாங்கள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

1 மே 2025

நேற்று நள்ளிரவு முதல் வானொலியில் தேர்தல் விளம்பரத் தடை, சனி மாலை வாக்குப்பதிவு முடியும் வரை. செய்திக்குத் தடை இல்லை. "அப்ப ஒண்டும் கதைக்கக் கூடாதோ" என்று இரண்டு வேட்பாளர்களின் ஆட்களே கேட்டார்கள். கதைக்கலாம், காசு கொடுத்துக் கதைக்க முடியாது.

4 மே 2025

பிரதமர் அல்பனீசி பெரும்பான்மையோடு திரும்பி வந்துவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர் டட்டன் தன் டிக்சன் தொகுதியையே இழந்தார். கூட்டாட்சித் தேர்தல் ஒன்றில் எதிர்க்கட்சித் தலைவர் இப்படித் தோற்பது இதுதான் முதல் தடவை. இன்றைய நிகழ்ச்சியில் அழைப்புகள் முழுக்க விருப்பு வாக்கு எண்ணுவதைப் பற்றி. "முதலில் நின்றவர் எப்படித் தோற்றார்" என்று ஒருவர் கேட்க, இன்னொரு நேயர், ஒரு அம்மா, நான் வாய் திறக்க முன்னரே கத்தரிக்காய்க் கணக்கை வைத்து அவருக்கு விளக்கினார். எனக்கு இன்றைக்கு வேறு வேலை இருக்கவில்லை!

10 மே 2025

காசு. கேட்கத் தயங்கி மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், இங்கேயே சொல்கிறேன்.

சமூக வானொலியில் சம்பளம் இல்லை. நிலையத்துக்கு நாங்கள்தான் உறுப்பினர் கட்டணம் கட்டுகிறோம், வருடத்துக்கு ஒருமுறை வானொலியிலேயே நிதி சேர்க்கிறோம். பொது ஒலிபரப்பில் சம்பளம் உண்டு, நல்ல பயிற்சி உண்டு. ஆனால் ஒரு மொழிக்கு இடம் மிகச் சில, பெரும்பாலும் வாரத்துக்குச் சில மணி நேரம். அதனால் இந்த வேலை செய்கிற பலருக்கு இன்னொரு வேலை இருக்கும். தபால் நிலையம், முதியோர் இல்லம், ஊபர். அதை வெட்கமாக நினைக்காதீர்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எங்கள் தயாரிப்பாளர் ஒருவர்தான், 2020 இல் மெல்பேர்ண் பூட்டிக் கிடந்தபோது அந்த இல்லங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை எங்களுக்கு முதலில் விளக்கினார். அவர் சொன்னதை அப்படியே ஒலிபரப்பவில்லை, அதை வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய இடத்தில் கேள்வி கேட்டோம்.

ஆங்கிலம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும், நன்றாகவே. அமைச்சரின் செய்தியாளர் சந்திப்பில் கை தூக்கினால் உங்கள் பெயரைச் சொல்லத் தெரியாமல் அடுத்த ஆளுக்குப் போவார்கள். காத்திருக்காதீர்கள், நிலையத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள். உச்சரிப்புக்காகக் குரலைத் தாழ்த்தாதீர்கள். உங்களுக்குப் பின்னால் எத்தனையோ அம்மா அப்பாமாருக்கு அந்தப் பதில் தேவையாக இருக்கிறது.

17 மே 2025

நாளை மே 18, ஞாயிறு, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். நிகழ்ச்சி ஒழுங்கைப் பற்றிக் குழுவுக்குள் மறுபடியும் அதே வாக்குவாதம், இந்த முறை இளையவர்களோடு. இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை எங்களோடு செய்தி செய்கிறாள். 2009 இல் அவளுக்கு நடக்கத்தான் தெரியும். நாளைக்கு உள்ளூர்ச் செய்தியே வேண்டாம், முழு நேரமும் முள்ளிவாய்க்கால் என்கிறாள். நான் எதிர்த்தேன், செவ்வாய்க்கிழமை மாநில வரவுசெலவுத் திட்டம் வருகிறது, ஓய்வூதியக்காரர் அதில் என்ன எதிர்பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும் என்றேன். அவள் கேட்டாள்: "மாமா, அதை திங்கட்கிழமை நிகழ்ச்சியில சொன்னா யாருக்கு என்ன குறையும்?"

யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் குறையாது. செவ்வாய்க்கு முதல் நாள் சொன்னால் போதும். நான் ஏப்ரல் 13 ஆம் தேதி எழுதிய விதியை அவள் என்னை விட நன்றாகப் பிடித்திருக்கிறாள்: நாளை இரவு எழுந்து செய்ய வேண்டிய உள்ளூர் வேலை ஒன்றும் இல்லை.

ஒரு விசயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இறந்தவர் எண்ணிக்கையை அவள் ஒரே எண்ணாக எழுதியிருந்தாள். 2011 இல் ஐநா செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012 இல் ஐநாவின் உள்ளக மீளாய்வு, 70,000 பேருக்கு மேல் கணக்கில் இல்லாமல் இருக்கலாம் என்ற தகவலைச் சுட்டியது. இரண்டையும், சொன்னவர் யார் என்பதோடு வாசிக்கச் சொன்னேன். வாக்கியம் நீண்டுபோகும், உணர்ச்சி குறையும் என்றாள். நீளட்டும். மூச்சு எடுக்கிற இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுத்திருக்கிறேன். இன்றிரவு வீட்டில் சத்தமாக இரண்டு தடவை வாசித்துவிட்டு வரச் சொன்னேன், நாளை மாலை அவள்தான் வாசிக்கிறாள்.